ஒரு தாவல் அன்று, பல தாவல்கள்

"எய்ட்ஸ் கிருமி குரங்கிடமிருந்து மனிதனுக்கு ஒருமுறை தாவியது" என்று எய்ட்ஸ் பற்றிய கட்டுரை ஒரே வரியில் முடித்திருப்பது போதாது என, நாமக்கல் பகுதியில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் கருதுகிறேன். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி வைரஸில் எச்.ஐ.வி-1, எச்.ஐ.வி-2 என இரு வகைகள் உண்டு. எச்.ஐ.வி-1 இன் எம், என், ஓ, பி ஆகிய நான்கு தொகுதிகளும் தனித்தனித் தாவல்களால் வந்தவை. முதல் இரண்டும் சிம்பன்சியிடமிருந்து வந்தவை என்பதையும், மற்ற இரண்டும் கொரில்லாக்களின் வைரஸுக்கு மிக நெருங்கி நிற்பதையும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டே அறிந்தார்கள். உலகெங்கும் பரவிய எம் தொகுதிக்கு நெருங்கிய உறவான வைரஸ், மத்திய ஆப்பிரிக்க நாடான கேமரூனின் தென்கிழக்குக் காட்டுச் சிம்பன்சிகளின் மலத்தில் கிடைத்தது. எச்.ஐ.வி-2 மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மங்கபே குரங்குகளின் வழி வந்தது. அது வேறு கிளை.

என்னை மிகவும் வியக்க வைப்பது, சிம்பன்சியின் வைரஸே கலப்பில் பிறந்தது என்பதுதான். சிம்பன்சிகள் சிறு குரங்குகளை வேட்டையாடித் தின்பவை. அப்படித் தொற்றிய வெவ்வேறு குரங்கினங்களின் வைரஸ்கள் அவற்றின் உடலில் ஒன்றோடொன்று கலந்து புதிய வைரஸாகியிருக்கின்றன. இறைச்சிக்காக விலங்கை அறுத்த மனிதனுக்கும் இரத்தத்தின் வழியே அது தொற்றியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம்.

காங்கோ நாட்டின் கின்ஷாசா நகரில் 1959, 1960 ஆம் ஆண்டுகளில் மனிதரிடமிருந்து எடுத்த மாதிரிகளில் இருந்த வைரஸை ஒப்பிட்டு, எம் தொகுதியின் பொது மூதாதை 1908 ஆம் ஆண்டை ஒட்டியது என்று 2008 இல் கணித்தார்கள். இந்தியாவில், சென்னையில், முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டதோ 1986 இல். அதன் பிறகு எங்கள் பகுதி லாரி ஓட்டுநர்களே இந்நோயின் ஊற்று என்பதுபோல் ஒதுக்கப்பட்டதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். ஆகவே இந்த வம்சாவளியைக் கட்டுரையில் விரிவாகச் சேர்க்குமாறு ஆசிரியரை வேண்டுகிறேன்.