சருகை உறிஞ்ச டிராக்டர் எதற்கு?

இன்றும் காலை ஏழு மணிக்கே அந்தச் சருகு உறிஞ்சும் வண்டி வந்துவிட்டது. ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அதிர ஆரம்பித்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். கொடியில் கிடந்த துணியை வாரிக்கொண்டு வருவதற்குள் பாதித் துணிமேல் தூசி படிந்துவிட்டது. தோய்த்த துணியைத் திரும்பத் தோய்ப்பது இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். இனிமேல் முடியாது, எழுதியே தீரவேண்டும்.

தெற்கு பெங்களூரில் பழைய லேஅவுட் எங்களுடையது. ஆறே தெரு. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரமும் புங்கமும் குல்மொஹரும் நிற்கின்றன, பார்க் ஓரத்தில் ஓர் அரசமரம். வெயில் காலத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே உடம்பு குளிரும். அந்த மரங்களுக்காகத்தான் இங்கே வீடு வாங்கினோம். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை இலை கொட்டும். மரம் என்றால் கொட்டத்தான் செய்யும். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து மூன்று பெண்கள் ஈர்க்குமாற்றால் கூட்டிக் கோணியில் கட்டி வைப்பார்கள். யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

போன வருஷக் கடைசியில் அசோசியேஷனில் யாரோ ஒரு வீடியோ காட்டிவிட்டார்கள். ஏதோ ஒரு குளிர்நாடு, கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, டிராக்டருக்குப் பின்னால் ஒரு கூண்டு வண்டி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி தொங்கும் தடித்த குழாய். ஓர் ஆள் அலுங்காமல் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போகிறார், பின்னால் புல்வெளி பளிச்சென்று ஆகிறது. அவ்வளவுதான், நமக்கும் அது வேண்டும் என்று முடிவாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாத மெயின்டெனன்ஸ் ஏறியது. கூட்டும் பெண்களில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த நாட்டில் அந்த வண்டிக்கு நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. மேப்பிளும் ஓக்கும் அக்டோபர், நவம்பரில் சில வாரங்களுக்குள் மொத்த இலையையும் கொட்டிவிடும். ஏக்கர் கணக்கில் முற்றம் வைத்திருப்பவர் தனி ஆளாக அதை வாரவேண்டும். அப்படியே விட்டால் மழையிலும் பனியிலும் நனைந்து பாய் மாதிரி படிந்து, அடியில் இருக்கும் புல் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். அதனால் வாருகிறார்கள். எங்கள் தெருவில் புல் எங்கே இருக்கிறது? தார் ரோடும் சாக்கடை மூடிய கல்லும்தான் இருக்கின்றன.

இந்த ஊர் மரங்கள் வேறு கணக்கில் நட்டவை. நூறு வருஷத்துக்கு முன்னால் லால்பாக் தோட்டத்தைக் கவனித்துவந்த கிரம்பீகல் என்ற ஜெர்மானியர், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து இந்த நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். பெங்களூரில் எந்த மாதமும் ஏதாவது ஒரு தெரு பூத்திருப்பது அவரால்தான். பூக்கிற முறை இப்படி என்றால் இலை உதிர்கிற முறையும் ஒரே நாளில் முடியுமா? புங்கம் கொட்டி முடித்துத் தளிர்விடும்போது தூங்குமூஞ்சி ஆரம்பிக்கும், அது பாதியில் இருக்கும்போது அரசமரம் ஆரம்பிக்கும். தினமும் ஒரு முறம், இரண்டு முறம் என்று விழுகிற சருகு. அதற்கு வாரம் ஒரு நாள் டிராக்டர். மற்ற ஆறு நாளும் சருகு சாக்கடைக் கம்பியில் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. முன்பெல்லாம் அது அடைத்ததே இல்லை.

அந்தக் குழாய் சருகை முழுசாகவாவது எடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் கார். அடியில் ஒதுங்கிய சருகு குழாய்க்கு எட்டாது. அதை வெளியே தள்ள, காற்றை ஊதும் பெட்ரோல் புளோவரை முதுகில் மாட்டிக்கொண்டு இரண்டு பையன்கள். அந்தச் சத்தம் தாங்காமல்தான் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 2022 ஜனவரியிலிருந்து பெட்ரோல் புளோவரையே தடை செய்துவிட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று வைத்ததை நாம் காசு கொடுத்துக் கூப்பிடுகிறோம். டிராக்டர் சத்தம் அதற்கு மேல். நான் தர்மபுரிப் பக்கத்துப் பெண், எங்கள் வீட்டிலும் டிராக்டர் உண்டு. எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றினால்தான் இந்த மாதிரி கருவி சரியாக வேலை செய்யும். அதற்கு எஞ்சினை ஏறக்குறைய முழு வேகத்தில் முறுக்கி வைக்கவேண்டும். வயக்காட்டில் மண்ணைக் கிளற ரோட்டவேட்டர் ஓட்டும்போது அந்தச் சத்தம் காற்றோடு போய்விடும். இங்கே இரண்டு வரிசை மூன்று மாடி வீடுகளுக்கு நடுவில் அது எங்கே போகும்? எதிர்வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு தாத்தா இருக்கிறார். வண்டி வருகிற நாளெல்லாம் அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடக்கிறார் என்று அவர் மருமகள் சொல்லி அழுதாள்.

தூங்குமூஞ்சிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுவென்று இருக்கும். ஊரில் ஆடு மாடு தேடித் தேடித் தின்னும். அந்தக் காய், சருகை உறிஞ்சி நறுக்கும் இந்த வண்டியின் விசிறிக்குள் போய் அடிபட்டு நசுங்கி, தெருப் புழுதியோடு குழைந்து, இரும்பு இறக்கைமேல் களிமண் மாதிரி அப்பிக்கொள்கிறது. போன வாரம் என் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. டிரைவர் தம்பி ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம். அதற்குள் அந்த அக்காக்கள் இரண்டு தெரு கூட்டி முடித்திருப்பார்கள்.

தூசி ஏன் இவ்வளவு என்று திருவண்ணாமலைப் பக்கத்து அக்காவிடம் கேட்டேன். வேலையில் மிச்சமிருக்கும் இரண்டு பேரில் ஒருவர், பதினைந்து வருஷமாக எங்கள் தெருவைக் கூட்டுபவர். "முன்னெல்லாம் தண்ணி தெளிச்சிட்டுக் கூட்டுவோம்மா, தூசி அடங்கிடும். இப்போ தண்ணி தெளிச்சா குழாய் அடைச்சிக்குதுன்னு திட்டறாங்க. காய்ஞ்சதை அப்படியே தள்ளச் சொல்றாங்க. மொளகாப்பொடி மாதிரி தொண்டையில எறங்குது" என்றார். முந்தானையை மடித்து மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். முகக்கவசம்கூடக் கொடுக்கவில்லை. இருமினார், இருமிக்கொண்டே போய்க் குழாய் வாயில் சருகைத் தள்ளினார்.

இதெல்லாம்கூட ஒரு பக்கம். எனக்கு வயிறு எரிவது அடுத்த விஷயத்தில்.

அக்கா கூட்டும்போது கூட்டிய குவியலில் ஒரு பால் பாக்கெட் முனை கிடந்தாலும் குனிந்து எடுத்துத் தனிப் பையில் போடுவார். சிப்ஸ் கவர், குட்கா பாக்கெட், உடைந்த கண்ணாடி, எல்லாம் தனி. கோணியில் போவது வெறும் சருகு. இந்த வண்டிக்குக் கண் இருக்கிறதா? எல்லாவற்றையும் உறிஞ்சி எல்லாவற்றையும் நறுக்குகிறது. இன்று டிரெய்லரிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பழுப்புத் தூளுக்கு நடுவில் நீலமும் வெள்ளியுமாகப் பிளாஸ்டிக் துணுக்கு, சில துண்டு அரிசி அளவுகூட இல்லை. இதை எந்த மனிதர் உட்கார்ந்து பொறுக்கிப் பிரிப்பார்? நறுக்கிய சருகு சீக்கிரம் மக்கும் என்பது உண்மைதான், அந்த ஒரு நன்மையையும் இந்தப் பிளாஸ்டிக் சேர்ந்து கெடுத்துவிட்டது.

அப்புறம் அது எங்கே போகிறது? பார்க்கின் மூலையில் நம்முடைய உரத்தொட்டி இருக்கிறது. வீடு வீடாக வாங்கும் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் அதில்தான் விழுகின்றன. சமையலறைக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், தனியாகப் போட்டால் அழுகி நாறும், புழு வைக்கும். அதோடு கார்பன் நிறைந்த காய்ந்த பொருள் கலக்கவேண்டும். ஏறக்குறைய 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் நன்றாக மக்கும் என்பது உரம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் காய்ந்த பொருள்தான் சருகு. வானத்திலிருந்து இலவசமாக விழுகிறது! முன்பு கோணி கோணியாகத் தொட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், வருஷம் முழுக்க வரும். இந்த வருஷம் சருகு இல்லை என்று பொள்ளாச்சியிலிருந்து வரும் தேங்காய் நார்த்தூளை மூட்டைக் கணக்கில் வாங்குகிறோம். சருகை வெளியே அனுப்பக் காசு, சருகுக்குப் பதில் நார்த்தூள் வாங்கக் காசு. இந்தக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் படித்தவர்கள்.

பிளாஸ்டிக் கலந்த அந்தத் தூள் நம் தொட்டிக்கும் ஆகாது, வேறு யாருக்கும் ஆகாது. ஒப்பந்தக்காரர் அதை ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் காலி சைட்டில் கொட்டுகிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் அங்கே புகை எழும்புகிறது. நானும் என் வீட்டுக்காரரும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதே பழுப்புத் தூள் கனன்றுகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகும் அந்த நாற்றம் மூக்கைவிட்டுப் போகவே இல்லை. சருகு எரிந்தாலே கெடுதல், இது பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிகிறது.

திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000. அந்த உத்தரவுக்குக் காரணமான வழக்கைப் போட்ட அல்மித்ரா படேல் நம் பெங்களூர்க்காரர். 1996இல் உச்ச நீதிமன்றப் படியேறி இருபது வருஷம் விடாமல் நடத்தினார். அவருடைய ஊரில், நம் மெயின்டெனன்ஸ் பணத்தில், நம் தெருச் சருகு எரிகிறது. அந்தக் காலி சைட்டைத் தாண்டி ஷீட் போட்ட வீடுகளில் குழந்தைகள் தூங்குகிறார்கள். புகை முதலில் அவர்கள் மூக்கில்தான் ஏறும். பரவாயில்லையா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது தூசி மாதிரி தட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. டிராக்டரையும் விசிறியையும் இணைக்கும் பிடிஓ தண்டுமேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கவேண்டும். இந்த வண்டியில் உறை பாதி உடைந்திருக்கிறது, மிச்சத்தைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துணி நுனி பட்டால் ஐயோ என்று வாய் திறப்பதற்குள் ஆளை இழுத்துவிடும். எங்கள் ஊரில் வேட்டி சிக்கிக் காலை இழந்த ஒருவரைச் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். இன்று காலை அந்த அக்கா குனிந்து சருகு தள்ளும்போது மூக்கில் கட்டியிருந்த முந்தானை அவிழ்ந்து தொங்கியது. அதற்கும் அந்தத் தண்டுக்கும் நடுவில் இரண்டு சாண்கூட இருக்காது. நான் கத்தின கத்தல் வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் தம்பி இறங்கி வந்து, "அக்கா, உறை மாத்தச் சொல்லி ரெண்டு தடவை கேட்டுட்டேன், சீசன் முடியட்டும்ங்கறாங்க" என்றான்.

சீசன் முடியட்டுமாம்.

அசோசியேஷனுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். முதல் கடிதத்துக்கு "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் அதுவும் இல்லை. நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். வேலையிலிருந்து நிறுத்திய பெண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கள், மூன்று பேருக்கும் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள், முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். பார்க்கில் நாலு கம்பிவலைக் கூண்டு கட்டுங்கள், சருகு அதிலேயே கிடந்து மக்கட்டும். மரத்தடியில் விழுந்ததை மரத்தடியிலேயே விடுங்கள், அது அந்த மரத்தின் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பார்க் மண்டபத்தில் கூட்டம். டிரெய்லரிலிருந்து அள்ளிய அந்த ஒரு பிடியை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவந்து மேஜைமேல் கொட்டப் போகிறேன். எங்கள் லேஅவுட்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து வாருங்கள். சனிக்கிழமை காலை வண்டி மறுபடியும் வரும். அந்த உறையை மாற்றாமல் என் தெருவுக்குள் அது நுழையக் கூடாது, நான் குறுக்கே நிற்பேன்.