பெயரைப் பார்த்தே 'எனக்குச் சரிவராது' என்பவர்களுக்கு

புத்தகத்தைக் கையில்கூட எடுக்காமல் "இது எனக்குச் சரிவராது" என்று தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதே ஆட்களை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பாருங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுத்து முகர்ந்து, காம்படியை அழுத்தி, பக்கத்துக் கடையிலும் விலை கேட்டு, முதல் கடைக்கே திரும்பி வந்து மறுபடியும் முகர்ந்துதான் வாங்குவார்கள். புத்தகக் கடைக்குள் வந்தால் மட்டும் முதுகில் அச்சடித்த இரண்டு சொல் போதும். நடந்துகொண்டே பெயரை வாசிப்பார்கள், நடந்துகொண்டே தள்ளியும் விடுவார்கள்.

மச்சாள் ஒருவரிடம் எஸ்.பொ. என்கிற எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு' நாவலை நீட்டினேன். "ஐயோ, இந்தக் கோயில் காரியமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். கோயில் காரியமாம்! கொழும்பில் வேலைபார்க்கும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் மனைவியின்மேல் உள்ள ஆசையோடு ஊருக்கு வரும் கதை அது. அதே நூலைப் பெரியம்மா ஒருவர் பெயரைப் பார்த்துப் பக்தியோடு கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவரிடமிருந்து இதுவரை ஒரு வார்த்தை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

சுந்தர ராமசாமி பெரியவர்களுக்கு எழுதிய 'ஒரு புளியமரத்தின் கதை' நாவலைத் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த தகப்பனையும் எனக்குத் தெரியும். மரம், கதை என்று இரண்டு சொல் கண்ணில் பட்டதும் சிறுவர் இலக்கியம் என்று முடிவு கட்டிவிட்டார். பிள்ளை பாவம். ஷோபாசக்தியின் 'ம்' நாவலைக் கண்ட இன்னொருவர், "மிச்ச எழுத்துகள் அச்சில் விழுந்துபோய்விட்டனவா?" என்று பகிடி விட்டார். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட கொடுமை அந்த ஒற்றை எழுத்துக்குள் கிடக்கிறது, ஐயா. ஒரு பக்கம் புரட்டியிருந்தால் அந்தப் பகிடி உங்கள் வாயில் வந்திருக்காது.

காசுக் கணக்குச் சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. இந்தியாவில் அச்சான புத்தகத்தின் விலையை இலங்கை ரூபாயில் கேட்டால் நெஞ்சு அடைக்கத்தான் செய்கிறது. அதனால்தான் திறந்து பாருங்கள் என்கிறேன். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசித்தால் அந்த எழுத்தாளருக்கும் உங்களுக்கும் ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நகரில் ஒரு கடையில் புத்தகங்களைப் பொலித்தீன் உறைக்குள் அடைத்துவைத்து, "பிரித்தால் வாங்கவேண்டும்" என்கிறார்கள். பிறகு வாசகர் பெயரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? விற்பனை இல்லை என்று புலம்புவதும் அதே கடைக்காரர்தான்.

இவை எல்லாவற்றையும்கூடச் சகித்துக்கொள்ளலாம். போன கிழமை உறவினர் ஒருவர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. கே. டானியலின் 'தண்ணீர்' நாவலைக் காட்டினேன். "அதை எப்போதோ வாசித்துவிட்டேன்" என்றார். விசாரித்தால், அவர் வாசித்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. அது சென்னையில் குடத்தோடு அலையும் பெண்களின் கதை, நல்ல நாவல்தான். டானியலின் தண்ணீர் நம்முடைய கிணறுகளில் இருப்பது. யார் அள்ளலாம், யார் கிணற்றுக்கட்டில் கால் வைக்கக்கூடாது என்று நம் ஊர் போட்ட சட்டத்தின் கதை. சரி, பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் என்று விட்டுவிட்டு, டானியலே எழுதி 1972இல் வந்த 'பஞ்சமர்' நாவலை எடுத்து நீட்டினேன். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சாதியினரைக் குறிக்கும் சொல் அது. அட்டையைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். "அது அவர்களுக்கான புத்தகம்" என்றார்.

அவர்களுக்கானதாம்! வாளியை நீட்டியவர்களுக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும். வாளியைத் தட்டிவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் அதை முதலில் வாசிக்கவேண்டும். 1960களில் தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கும் கோயில் வாசலைத் தாண்டுவதற்கும் மனிதர்கள் அடிபட்ட மண் இது. அந்த நாவலின் பெயர் இவருக்குப் புரியாமல் இல்லை. மிக நன்றாகப் புரிந்துதான் கையை இழுத்துக்கொண்டார். இதே மனிதர் ஆண்டுதோறும் ஜூன் முதலாம் திகதி வந்தால் போதும், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக எல்லோருக்கும் கேட்கும்படி பெருமூச்சு விடுவார். எரியாமல் மேசைமேல் கிடக்கும் ஒரு புத்தகத்தைத் தொட மாட்டார்.

அண்ணை, இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அடுத்த முறை என் வீட்டுக்கு வரும்போது 'பஞ்சமர்' மேசைமேல் இருக்கும். முதல் அத்தியாயம் முடியும்வரை தேநீர் வராது.