சிறிய கைக்கு ஜாஸ் பேஸ் மட்டும்தானா?
ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் கித்தார்களில் ஜாஸ் பேஸின் கழுத்து (விரல்கள் தந்தியை அழுத்தும் நீண்ட பகுதி) மெலிந்திருப்பதால் சிறிய கை உடையவர்கள் பிரிசிஷன் பேஸைத் தவிர்த்து அதையே வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதி அளவுக்கே பொருந்தும். கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் நட் பகுதியில் ஜாஸ் பேஸின் அகலம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர், பிரிசிஷனில் பெரும்பாலும் 41 அல்லது அதற்கு மேல் என்பதால், தடித்த தந்தியை எட்டுவது முன்னதில் எளிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலமே ஆகையால், முதல் ஃபிரெட்டுக்கும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நான்காவது ஃபிரெட்டுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் ஒரே 13 சென்டிமீட்டர்தான், தொடக்கநிலையில் சுண்டுவிரலை நோகடிப்பதும் பெரும்பாலும் அந்தத் தூரமே. என் கையும் சிறியது. ஜாஸ் பேஸுக்கு மாறியபோது குறையாத வலி, 30 அங்குல மஸ்டாங் பேஸை எடுத்த பிறகே குறைந்தது, ஏனெனில் அதே இடைவெளி அங்கே ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இத்தகைய குட்டை பேஸ்களின் ஒலி மந்தமானது என அந்தக் கட்டுரைக்கான கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். இழுவிசை குறைவதால் மிகத் தடித்த ஈ (E) தந்தி சற்றுத் தளர்வது உண்மைதான் என்றாலும், தடிமன் கூடிய தந்தி பூட்டினால் அது பெருமளவு சரியாகும், மேலும் பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் 500/1 பேஸும் 30 அங்குல வகையே. பிரிசிஷனையே விரும்புவோர், டபுள் பேஸ் (நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போன்ற கருவி) கலைஞர்களைப் போல, நட்டை ஒட்டிய கீழ் ஃபிரெட்டுகளில் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து அழுத்திப் பழகலாம்.