அப்பாவின் தயிரைப் பிடுங்கியவர்களுக்கு

காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் லேபிலிருந்து போன். "மேடம், அப்பாவோட ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்ட் திரும்ப எடுக்க வேண்டிய டைம் வந்துடுச்சு. இந்த மாசம் ஆஃபர் போகுது, புக் பண்ணிடலாமா?" போனை வைத்த பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்தப் பெண்ணைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள், அவ்வளவுதான். திட்டு வாங்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

வீட்டில் சர்க்கரைக்காரர் ஒருவர் இருந்தால் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். சாப்பிட்டு எழுந்து கொஞ்ச நேரத்தில் உப்புசம். கடமுடா சத்தம், வாயு, அப்புறம் பாத்ரூமுக்கு ஓட்டம். அப்பா கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார். பஸ் ஏறப் பயந்தார். கோயிலுக்குக் கிளம்பினால்கூட அங்கே கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டுதான் செருப்பை மாட்டினார். சித்தி பாலைச் சொன்னாள். மாமா கோதுமையைச் சொன்னார். அம்மா மட்டும் தன் சமையலைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து அடுப்படியில் அழுதாள். அந்த அழுகைக்கு யார் பதில் சொல்வது?

வயிற்று டாக்டரிடம் போனோம். அந்த அறையில் நடந்தது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். மேஜைமேல் வைத்தேன். டாக்டர் அதைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினார். பிரஷர் மெஷினுக்கு இடம் வேண்டுமாம். தள்ளிய வேகத்தில் ஓர் அட்டை கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன். அவர் அதன்மேல் கண்ணை வைக்கவே இல்லை.

"பால் குடிப்பீங்களா?"

"காலையில ஒரு காபி சார்."

"நிறுத்திடுங்க. தயிர்?"

"மதியமும் ராத்திரியும்."

"அதையும் நிறுத்துங்க. சப்பாத்தி?"

"ராத்திரிக்கு ரெண்டு. சுகர் டாக்டர்தான் சோத்தைக் குறைச்சு..."

"கோதுமை ஒத்துக்கல போல. பருப்பு?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பருப்பு சாப்பிடுவேன் என்று சொன்னால் அதுவும் போய்விடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வாத்தியார் வேலை பார்த்த மனிதர், குற்றம் செய்த பையன் மாதிரி வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறார். நான் குறுக்கே புகுந்தேன். "சார், இதெல்லாம் சுகர் மாத்திரையை மாத்தினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது."

"அது வேற, இது வேறம்மா. அதை அந்த டாக்டர் பாத்துப்பாரு."

அது எப்படி ஐயா வேறாகும்? அந்த மாத்திரையும் வாய் வழியாகப் போய் இதே வயிற்றில்தானே விழுகிறது? என்ன மாத்திரை, எப்போது மாற்றினார்கள், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மூன்று கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? பால், தயிர், சப்பாத்தி, பருப்பு என்று விசாரித்த நேரத்தில் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஒரு சீட்டில் டெஸ்டின் பெயரை எழுதி நீட்டினார்.

எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று இரத்தத்தை வைத்துச் சொல்வதாக விற்கிற அந்த ஃபுட் இன்டாலரன்ஸ் டெஸ்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் வழவழ தாளில், சிவப்பு மஞ்சள் பச்சை என்று கலர் கலராக வந்தது. சிவப்பில் பால், தயிர், கோதுமை, துவரம்பருப்பு, நிலக்கடலை. அதாவது அப்பா தினமும் சாப்பிடுகிற அத்தனையும்! ஏன் தெரியுமா? இரத்தத்தில் அவர்கள் பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்புரதம். ஒரு பொருளைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருப்பது சகஜம். ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது சாட்சியே இல்லை. இதை நான் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் அமைப்பு 2008-லேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்த டெஸ்ட் உதவாது என்று சொல்லிவிட்டது. அமெரிக்க, கனடிய அமைப்புகளும் பின்னாலேயே அதைத்தான் சொல்லின. அப்புறமும் இங்கே பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள், அதற்கு ஆஃபர் வேறு. பென்ஷன் பணத்தில் இதை வாங்க வைத்தார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் விடை அந்த மஞ்சப்பையில் இருந்தது. கீழே விழுந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மெடிக்கல் ஷாப்காரர் பத்து மாத்திரை வேண்டுமென்றால் கத்திரிக்கோலால் நறுக்கித்தானே தருகிறார்? மருந்தின் பெயர் பாதி அந்தத் துண்டோடு போய்விட்டது. இன்னொரு துண்டைப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். பழைய அட்டையில் இரண்டு மருந்து: கிளிமெப்பிரைடு, மெட்ஃபார்மின். புதிய அட்டையில் மூன்று. மூன்றாவது, வோக்லிபோஸ்.

இந்த வோக்லிபோஸ் என்ன செய்யும் என்று படித்தபோது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சோறு, சப்பாத்தி மாவுச்சத்தை உடைக்கிற நொதியைச் சிறுகுடலில் தடுத்து வைப்பதுதான் அதன் வேலையே. சாப்பிட்டவுடன் சர்க்கரை சட்டென்று ஏறாமல் இருக்க அப்படி. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கும். அங்கிருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும். அப்புறம் வாயு, உப்புசம், பேதி. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கும் குடலில் நடப்பது இதே கூத்துதான், அங்கே மாவுச்சத்துக்குப் பதில் பாலில் இருக்கிற லாக்டோஸ் என்கிற சர்க்கரை. லாக்டோஸை உடைக்கிற நொதி வேறு ரகம், அதை இந்த மாத்திரை முடக்குவதில்லை. வாயுவைக் கிளப்பியது சோறு, தண்டனை தயிருக்கு! தயிரில் பாலை விட லாக்டோஸ் குறைவு வேறு, உறை போடும்போதே பாக்டீரியா ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

மெட்ஃபார்மினும் லேசுப்பட்டதில்லை. குமட்டல், பேதி, வாயில் உலோகக் கசப்பு எல்லாம் அது தருகிற தொல்லைகளில் முதல் வரிசை. ஆரம்பத்தில் மட்டும் வரும் என்பதும் கிடையாது, வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்களுக்குத் திடீரென்று வந்ததாகவும் பதிவுகள் இருக்கின்றன. மெதுவாகக் கரைகிற எஸ்ஆர் வகைக்கு மாற்றினால் பலருக்கு அடங்கிவிடுகிறது.

ஒரு மாத்திரையோடு முடிகிற கதையும் இல்லை. பிரஷருக்குக் கொடுக்கிற ஓல்மிசார்ட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பேதியும் எடைக் குறைவுமாக வந்த 22 பேரைப் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் டாக்டர்கள் 2012-இல் எழுதினார்கள். பார்த்தால் கோதுமையால் வருகிற சீலியாக் நோய் மாதிரியே இருக்கும். கோதுமையை நிறுத்தினாலும் கேட்காது. மாத்திரையை நிறுத்தியதும் தேறினார்கள். அடுத்த வருஷமே அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்க்க வைத்தது. நம்மூரில் எத்தனை பேர் சப்பாத்தியைப் பழி சொல்லிக்கொண்டு அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. நம்மூரில் நிறையவே இருக்கிறார்கள். மூச்சில் ஹைட்ரஜன் அளந்து அதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், என்ன மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று கேட்க வேண்டாமா?

நானாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தினால் சர்க்கரை எகிறி இன்னொரு ஆபத்து வரும். அட்டைகளை எடுத்துக்கொண்டு சுகர் டாக்டரிடமே போய் நின்றேன். அவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "ஆமாம்மா, இது கேஸ் பண்ணும்." தெரிந்திருக்கிறது! எழுதும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் தயிரில்லாமல், காபியில்லாமல், யார் வீட்டுக்கும் போகாமல் இப்படி ஒடுங்கியிருக்க வேண்டுமா? வோக்லிபோஸை எடுத்துவிட்டு, மெட்ஃபார்மினை எஸ்ஆராக மாற்றிக் கொடுத்தார். வயிறு அடங்கியது. அம்மா தயிருக்கு உறை ஊற்றினாள்.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை இறங்கி வியர்த்தால் வாயில் போட்டுக்கொள்ள அப்பா சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் வைத்திருப்பார். சீனியை உடைக்கிற நொதியையும் இந்த வோக்லிபோஸ் தடுக்கிறது. அதனால் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரையை இறக்கக்கூடிய கிளிமெப்பிரைடையும் அதே மாத்திரைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு, இதை ஒருவரும் சொல்லவில்லை. ராத்திரியில் இறங்கியிருந்தால்? அம்மா சீனித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள்?

மருந்தின் பக்கவிளைவைப் புகார் செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-லிருந்து இருக்கிறது. 1800-180-3024, கட்டணமில்லாத எண். டாக்டர்தான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் நானும் பேசலாம். அப்பாவோடு நான் ஏறி இறங்கிய எந்தக் கிளினிக் சுவரிலும் அந்த எண்ணைப் பார்த்ததில்லை. லேப் பேக்கேஜ் விளம்பரம் மட்டும் எல்லாச் சுவரிலும் இருக்கிறது.

அப்புறம், மெடிக்கல் ஷாப்காரரே, உங்களிடமும் ஒன்று. சில்லறை இல்லை என்று மிட்டாயை எடுத்துக் கையில் திணிக்கிறீர்களே, அதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் கடைக்குச் சுகர் மாத்திரை வாங்க வருகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு மிட்டாய் வேண்டாம். என் இரண்டு ரூபாயைக் கொடுங்கள்.