தில்வாரா கோயில்களுக்கு ஒரே ஒரு ஆண்டை ஒட்டாதீர்கள்

ராஜஸ்தானின் ஆபு மலையில் உள்ள தில்வாரா சமணக் கோயில்களின் படம் எங்கே வந்தாலும் கூடவே ஒரு வரி: "1031-ல் விமலஷா கட்டியது." படத்தில் இருப்பது பெரும்பாலும் அவற்றில் ஒன்றான விமல வசஹியின் ரங்கமண்டப விதானம் (உட்கூரை), 16 வித்யாதேவிகள் (கல்வித் தெய்வங்கள்) வட்டமாக நிற்பது. அது விமலர் காலத்து வேலையே இல்லை. விமலர், சோலங்கி மன்னர் முதலாம் பீமரின் தண்டநாயகர் (படைத்தலைவர்). மண்டபம் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 12ஆம் நூற்றாண்டின் நடுவில், பிந்தைய சோலங்கி மன்னர் குமாரபாலரின் அமைச்சர் பிருத்விபாலர் சேர்த்தது. யானை மண்டபத்துப் பளிங்கு யானைகளில் பலவற்றில் சம்வத் 1204 என்றே வெட்டியிருக்கிறது. சம்வத் என்பது விக்கிரம ஆண்டுக் கணக்கு, பொதுவாக 57-ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு; 1204 என்றால் சுமார் 1147.

சரி, அந்த 1031? சம்வத் 1088-ல் கட்டியதாகச் சொல்வது, பிற்காலத்தில் கோயிலைப் புதுப்பித்த திருப்பணி முடிந்து சம்வத் 1378-ல் வெட்டிய கல்வெட்டு. நிகழ்ச்சிக்கு 290 வருஷம் பிந்தியது. அதற்காகப் பொய் என்று தள்ள வேண்டாம். "பிற்காலக் கல்வெட்டின்படி" என்று இரண்டு சொல் சேர்த்தால் போதும்.

பக்கத்திலேயே லூண வசஹி. அமைச்சர்களாக இருந்த வஸ்துபாலர், தேஜபாலர் சகோதரர்களின் கோயில், ஸ்தபதி சோபனதேவர். இங்கே பிரதிஷ்டை ஆண்டுக்குச் சமகாலக் கல்வெட்டே உண்டு: சம்வத் 1287, பால்குன வதி 3 (தேய்பிறைத் திருதியை), ஞாயிறு. ஆனாலும் ஒருவர் 1230 என்கிறார், இன்னொருவர் 1231. காரணம், கழித்தல் கணக்கு. பால்குனம் ஆங்கில ஆண்டின் தொடக்கத்தில் வருவதால் 57-க்குப் பதில் 56-ஐக் கழி என்பது வழக்கமான விதி, 1231 வரும். அந்த விதி, கல்வெட்டு சொல்வது கழிந்த ஆண்டு (முழுதாக முடிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை) என்று வைத்துக்கொண்டு போட்டது. நடப்பு ஆண்டை (அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆண்டை) சொல்லியிருந்தால் 1230. எது சரி? கிழமையைப் பாருங்கள். 1231-ல் அந்தத் திதி ஞாயிற்றுக்கிழமையில் விழவில்லை. 1230 மார்ச் 3 சரியாக ஞாயிறு, திதியும் பொருந்துகிறது. அதுவும் மாதத்தை அமாவாசையில் முடிக்கும் குஜராத் வழக்கப்படி எண்ணினால்தான்.

இதை விட்டால் அடுத்த குழப்பம் தயார். அதே கோயில் சாசனம், ஆண்டுவிழா சைத்ர வதி 3-ல் தொடங்கும் என்கிறது. பிரதிஷ்டை பால்குனத்தில், ஆண்டுவிழா சைத்ரத்திலா? இரண்டும் ஒரே நாள்தான். பௌர்ணமியில் மாதம் முடியும் கணக்கில் அந்தத் தேய்பிறை சைத்ரத்தில் சேரும். என்னைக் கேட்டால் சிற்பத்தைவிட இந்தச் சாசனம்தான் சுவை: எட்டு நாள் விழாவில் எந்த நாள் எந்த ஊர்ச் சிராவகர்கள் (சமண இல்லறத்தார்) பொறுப்பு என்று பட்டியலே போட்டிருக்கிறது.

பிரதிஷ்டை முடிந்ததும் வேலை நின்றுவிடவில்லை. சுற்றியுள்ள தேவகுலிகைகளின் (சிறு சன்னதிகளின்) கல்வெட்டுகள் சம்வத் 1293 வரை போகின்றன.

அவற்றைப் படிக்கப் போகிறவர்களுக்கு: அந்த நாகரி எழுத்தில் ஏகாரக் குறி பல இடங்களில் எழுத்துக்கு மேலே இல்லாமல், நம் கொம்பு போல முன்னால் நிற்கும். முந்தைய எழுத்தின் கால் என்று நினைத்தால் பெயரே மாறிவிடும். 'ட' (ठ) என்று தனியாக நின்றால் டக்குர் என்ற பட்டத்தின் சுருக்கம், 'மஹம்' என்றால் பதவிப் பட்டம். இரண்டையும் ஆளின் பெயரோடு ஒட்டிப் படிக்காதீர்கள்.