லினக்ஸில் கேம் ஓடாது என்பது பழைய கதை

கணினியில் விண்டோஸ் போடலாமா, அதற்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் போடலாமா என்று கிருஷ்ணகிரி தம்பி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அதற்கு, "லினக்ஸ் போட்டால் ஒரு கேமும் ஓடாது, விண்டோஸே போடு" என்று தருமபுரி அண்ணன் மேலே அடித்துச் சொல்லியிருக்கிறார். 2018க்கு முன்பு என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொண்டிருப்பேன். அந்த ஆண்டு ஆகஸ்டில், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸுக்காக எழுதிய கேம், திரையில் படம் வரைய அனுப்பும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸுக்குப் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது அது. லினக்ஸில் இயங்கும், கையில் வைத்து ஆடும் வால்வின் ஸ்டீம் டெக் கருவி விற்பனையாவதே இதை நம்பித்தான். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற கேம்களுக்குப் புரோட்டான்கூட வேண்டாம். நேரடி லினக்ஸ் பதிப்பே உண்டு.

உண்மையான முட்டுக்கட்டை, ஆன்லைன் கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். வேலரன்ட் கேமின் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் வேலை செய்யாது, அதனால் கேமும் ஓடாது. ஃபோர்ட்நைட்டுக்கும் அதே முட்டுக்கட்டைதான்.

கேள்வி கேட்ட கிருஷ்ணகிரி தம்பிக்கு வேலரன்ட்தான் முக்கியமாம், அப்பாவின் கடைக் கணக்குக்கு டாலி மென்பொருளும் வேண்டுமாம். இரண்டும் விண்டோஸுக்கானவை. அப்படியானால் விண்டோஸே போடுங்கள், தம்பி. அண்ணன் சொன்ன முடிவு சரி, காரணம்தான் தவறு!

ஆனால் விண்டோஸ் 10 வேண்டாம். அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஓசூரில் பழைய கணினி வாங்குவதாக இருந்தால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.