திபெத்திய மொழியை எழுத்திலிருந்தே தொடங்குங்கள்

திபெத்திய மொழி படிக்க வருகிறவர்களிடம் "எழுத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பேசிப் பழகுங்கள்" என்கிறார்கள். இது தவறான வழி என்பதே என் உறுதியான கருத்து. 30 மெய், 4 உயிர்க்குறி, அவ்வளவுதான். எழுத்து சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிரமமெல்லாம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. ஆனால் அதைத் தள்ளிப்போட்டால் பேச்சும் சேர்ந்தே கெடும்.

திபெத்தின் தலைநகரான லாசாவின் பேச்சில் 'நான்' என்பதற்கும் 'ங', 'ஐந்து' என்பதற்கும் 'ங'. முன்னது தாழ்ந்த குரல், பின்னது உயர்ந்த குரல். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். திபெத்திய எழுத்தில் ஐந்துக்கு மட்டும் ங-வின் தலைமேல் ல இருக்கும். அந்த ல ஒலிக்காது. குரலை உயர்த்தச் சொல்லும்.

எண்களையே பாருங்கள். பத்து 'ச்சு', நான்கு 'ஷி'. பதினான்கு 'ச்சுப்ஷி'. நடுவே 'ப்' எப்படி வந்தது? நான்கு என்ற சொல்லை எழுதும்போது முன்னால் ஒரு ப சேரும், அதுதான் முன்னெழுத்து. தனியே சொல்லும்போது அது மௌனம். முன்னால் இன்னோர் அசை வந்ததும் ஒலித்துவிடுகிறது. எழுத்து தெரியாதவர் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

அசையில் மூல எழுத்தை, அதாவது மற்ற எழுத்துகள் சுற்றி நிற்கும் முதன்மை மெய்யைக் கண்டுபிடிப்பதுதான் முதல் பயிற்சி. உயிர்க்குறியோ, மேலும் கீழும் அடுக்கோ எந்த எழுத்தில் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே மூலம். குறி எதுவும் இல்லாமல் இரண்டு எழுத்து என்றால் முதலாவது. மூன்று என்றால் பெரும்பாலும் நடு எழுத்து. கடைசி எழுத்து ஸ என்றால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள், முதல் எழுத்தே மூலமாக இருக்கலாம். நான்கு என்றால் இரண்டாவது. 'அம்பு' என்ற சொல்லில் ம, த இரண்டுக்கும் பிறகு ஒலிக்காத ஓர் எழுத்து சும்மா நிற்பதுபோல் தோன்றும். அது இல்லாவிட்டால் ம மூலமாகி, 'மத்' என்று படித்துவிடுவோம். எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு!

ஒலிக்காத எழுத்துகளை நீக்கிச் சீர்திருத்தினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. எந்த ஊர் ஒலிப்பை வைத்துச் சீர்திருத்துவது? 'எட்டு' லாசாவில் ஏறக்குறைய 'க்யே'. லடாக்கில் 'ர்க்யத்', பால்டிஸ்தானில் பேசும் பால்ட்டியில் 'ப்க்யத்'. எழுத்தில் ப, ர, க, ய, த எல்லாமே இருக்கின்றன. வடகிழக்குத் திபெத்தின் அம்தோ பகுதிப் பேச்சில் லாசாவைப்போல் குரல் ஏற்றஇறக்கம் கிடையாது. அங்கே முன்னெழுத்துகள் பலவும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கின்றன. லாசாக்காரரும் அம்தோக்காரரும் பேசினால் புரிந்துகொள்ளத் திணறுவார்கள், எழுதினால் புரிந்துகொள்வார்கள். அந்த ஒரே பாலத்தை உடைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆங்கில எழுத்தே கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்கத் திபெத்திய ஆய்வாளர் டரெல் வைலி 1959இல் வெளியிட்ட முறை, ஒலிக்காத எழுத்தையும் விடாமல் ஒன்றுக்கொன்று பெயர்ப்பது. கணினியில் தட்டவும் அகராதியில் தேடவும் அது நன்றாக உதவும். பாடநூல் வாங்கும்போது முதல் சில பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். திபெத்திய எழுத்தோ வைலி முறையோ இல்லாமல் வெறும் ஒலிப்பு மட்டும் அச்சாகியிருந்தால் அந்த நூல் வேண்டாம்.